ரெண்டு லட்ச ரூபாய் சைக்கிளும் எங்கூர் இட்டேரியும்

வா கண்ணு, வந்து திண்ணையில உக்காரு. சைக்கிளை அந்தத் தூண்ல சாத்தி வை. கட்டுத்தறிப் பக்கம் கொண்டு போகாதே, காளை மொறைக்குது. ரெண்டு லட்சமா? அந்தக் காசுக்குக் காங்கயம் காளை ஒரு சோடி பாத்திருக்கலாம். சரி, காளைக்குத் தீவனம் போடோணும், இதுக்கு நீ தின்னாப் போதும்ங்கறே. அதுவும் நாயந்தான்.

பேரென்ன சொன்னே, கிராவல் சைக்கிளா? எங்களுக்குத் தெரிஞ்ச கிராவல், ராத்திரி பதினோரு மணிக்கு மேல லைட்டை அணைச்சுப்போட்டு டிப்பர்ல போறது. அதும்மேல பட்டப்பகல்ல ஓட்டறதுக்குன்னே ஒரு வண்டி செஞ்சு விக்கறானே, அவன் சாமர்த்தியசாலி. அமெரிக்காவுல கன்சாஸ்ங்கற சீமையில 2006ல இருந்து இருநூறு மைல் மண்ரோட்டுப் பந்தயம் நடக்குதுன்னு போன்ல காட்டினே. இத்தாலியில டஸ்கனிப் பக்கம் 1997ல இருந்து பழைய சைக்கிள், பழைய சட்டையோட ஊர்வலமாட்டப் போறாங்களாமா. அங்கத்த வெள்ளை மண்ரோட்டுக்கு யாரும் தார் போட்டுரக் கூடாதாம்! நான் எத்தனை எலக்சனுக்கு, வந்தவங்ககிட்டயெல்லாம் தார் ரோடு கேட்டிருப்பேன் தெரியுமா? இந்தச் சங்கதி முந்தியே தெரிஞ்சிருந்தா, "மண்ரோட்டைக் காப்பாத்திக் குடுத்திருக்கறோம்"னு அவங்களே நம்மகிட்ட மாலை வாங்கிட்டுப் போயிருப்பாங்க.

இங்க அதுக்குப் பேரு இட்டேரி கண்ணு. ரெண்டு காட்டு வேலிக்கு நடுவால ஒரு வண்டி போற அகலத்துக்குத் தடம். ஒரு பக்கம் கிளுவை, ஒரு பக்கம் கள்ளி. வேலிக்கு அக்கட்டால கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிக்கும், மாடு தானா மேஞ்சுக்கும், ஆள் காவல் வேண்டாம். படலைத் திறந்து உள்ள போனீன்னா சாத்திப்போட்டு வா. இல்லாட்டி அடுத்த நாள் உன்ற சைக்கிளைத் தேடிட்டு வர மாட்டாங்க, உன்னத்தான் தேடிட்டு வருவாங்க.

உன்ற டயருக்கு டியூபே இல்லை, உள்ள பால் ஊத்தியிருக்குது, ஓட்டை விழுந்தா தானா அடைச்சுக்கும்னு சொன்னே. இருக்கட்டும். நெருஞ்சி முள்ளுக்கு அது அடைக்கும். வெள்வேல முள்ளுக்கு யோசிக்கும். சீமைக்கருவேல முள்ளுக்குப் பாலெல்லாம் ரோட்டுல. வேலியோரமா ஓட்டாதே, வண்டிச்சோட்டு நடுவாலயே போ.

போனைப் பாத்துட்டுப் போகாதே. அது இட்டேரியைக் காட்டாது, காட்டினாலும் பாதியில யாரு களத்துலயாவது கொண்டுபோய் விட்டுரும். ஆடு மேய்க்கற கெழவி ஒருத்தி எங்கயும் இருப்பா, அவகிட்டக் கேளு. "இந்தா, கூப்பிடு தூரம்"னா நாலு கிலோமீட்டர். "செத்த தூரம்"னா பொழுது சாஞ்சுரும். எந்த ஊரு, யாரூட்டுப் பையன், கண்ணாலம் ஆச்சா, இந்த மூணுக்கும் பதில் சொன்னாத்தான் வழி சொல்லுவா. அந்த டவுசரோட போய் நின்னா நாலாவதா ஒண்ணு கேப்பா, "ஏஞ்சாமி, பின்னால மெத்தை வெச்சுத் தெச்சிருக்குது, உடம்புக்குச் சொகமில்லியா?"

காத்தைப் பத்தி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. மேட்டை மிதிச்சு ஏறிப்போடலாம், பாலக்காட்டுக் கணவாய்க்காத்தை மிதிக்க முடியாது. வைகாசியில பிடிச்சா புரட்டாசி வரைக்கும் மேக்கே இருந்து தள்ளும். சும்மாவா இந்தச் சுத்துவட்டாரம் பூரா காத்தாடி நட்டு வெச்சிருக்கறாங்க? காத்தாடி மூஞ்சி மேக்கே பாத்து நிக்குதான்னு பாத்துக்க. கருக்கல்லயே கெளம்பி, காத்து முழிக்கறதுக்கு முன்னால மேக்கே ஏறிரு. மத்தியானத்துக்கு மேல அதே காத்து முதுகுல கை வெச்சு நம்ம வெள்ளகோவிலுக்குக் கொண்டாந்து விட்டுரும். பெட்ரோல் காசு கேக்காது.

இப்பத் தடத்தைச் சொல்றேன். நம்மூர் வீரக்குமாரசாமியை வெளிய இருந்தே கும்புட்டுட்டுக் கெளம்பு. ஓலப்பாளையத்துப் பக்கம் கண்ணபுரம் வரும். சித்திரையில மாரியம்மன் தேர் வந்தா அங்க மாட்டுச்சந்தை. உனக்குக் கார் பேரு தெரியற மாதிரி எங்களுக்கு மயிலை, பிள்ளை, செவலை, காரி. வடக்கே திரும்பினா பழையகோட்டை. ஞாயித்துக்கெழமைன்னா அங்க காங்கயம் மாட்டுக்குன்னே சந்தை கூடும். போறதும் போறே, ஒரு மயிலைக் கிடாரி என்ன வெலை போகுதுன்னு கேட்டுப்போட்டுப் போ. என்ற பேரன்னு சொல்லிராதே, வெலை ஏறிரும்.

அதுக்கு வடக்கே அரச்சலூர், ஓடாநிலை. பேரைப் பாத்தியா, ஓடாநிலை! அங்க போய்ச் சங்கிலி கழண்டு நின்னேன்னு வை, சிரிக்கறதுக்குன்னே ஊர் கூடும். தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த எடம். கோட்டையை வெள்ளைக்காரன் பீரங்கி வெச்சுத் தரைமட்டமாக்கிட்டான், இப்ப மணிமண்டபந்தான் நிக்குது. தீர்த்தகிரின்னு 1756ல மேலப்பாளையத்துல பொறந்த ஆளு. மைசூருக்கு வரிப்பணம் இந்தத் தடத்துலதான் போச்சுதாம். வழிமறிச்சுப் புடுங்கிட்டு, "கேட்டா சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவால ஒரு சின்னமலை வாங்கிக்கிச்சுன்னு சொல்லு"ன்னு அனுப்பினாராம். 1805 ஆடிப்பதினெட்டு, சங்ககிரியில தூக்குல போட்டாங்க. அதனால ஆடிப்பதினெட்டு அன்னிக்கு அந்தப் பக்கம் போகாதே. மாலை போட வர்ற கார்க்கூட்டத்துல உன்ற சைக்கிளுக்குத் தடம் கெடைக்காது.

அரச்சலூர் நாகமலைக் குகையில ஒரு கல்வெட்டு இருக்குது. த, தைன்னு தாளச் சொல்லைக் கட்டம் கட்டி வெட்டி வெச்சிருக்குது. தமிழி எழுத்து வட்டெழுத்தா மாறிட்டு இருந்த காலத்துது. எழுத்தைக் கோத்தவன் தேவன் சாத்தன், வண்ணக்கன். பொன்னும் மணியும் சோதிச்சுப் பாக்கறது அவன் தொழில். ஏவாரத்துக்கு வந்தவனுக்குத் தாளம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு நாப்பது வருசமா ரோசனை.

சென்னிமலைக்குப் போனா 1320 படி. சைக்கிளைக் கீழயே வெச்சுப்போடு. "மலைக்கு மேலயும் ஓட்டுவேன்"னு வீம்பு பேசினா ஒண்ணு சொல்றேன், 1984ல மாட்டு வண்டியே அந்தப் படியில ஏறிப்போச்சு. மாடு அதுக்கப்பறம் போட்டாப் போட்டுப் பீத்திக்கல. எறங்கி வந்து கைத்தறிப் போர்வை ரெண்டு வாங்கிக்க, அம்மிச்சிக்குப் பழசு நைஞ்சு போச்சு.

அங்கிருந்து மேக்கே நொய்யல் கரையில கொடுமணல். போனதும் "இதுதானா?"ம்பே. ஆமா, வெத்துக் காடுதான். ஆனா சங்கப் பாட்டுல கொடுமணம்னு பேர் வாங்கின ஊரு. 1980கள்ல பெருசாத் தோண்ட ஆரம்பிச்சாங்க. இரும்பு உருக்கின உலை, கல்மணி செஞ்ச பட்டறை, பேர் கீறின பானை ஓடுன்னு வந்துட்டே இருக்குது. படியூர்ல பச்சைக் கல்லு கெடைச்சுது, இங்க பட்டை தீட்டினாங்க, கரூருக்கும் மேக்குக் கடலுக்கும் போச்சு, ரோமாபுரிக்காரி கழுத்துல ஏறிச்சு. ரோமாபுரிக்காரன் குடுத்த காசு இந்தக் கொங்குச்சீமை பூரா பானை பானையாக் கெடைச்சிருக்குது. மழை பேஞ்சா மணி மேல வரும். பொறுக்கிச் சோப்புல போட்டுக்காதே, அது அரசாங்கத்துது.

பாத்துக்க கண்ணு, இந்தத் தடத்துல போனவன் எவனும் வெறுங்கையோட போகல. ஒருத்தன் மணி, ஒருத்தன் துணி, ஒருத்தன் வரிப்பணம், ஒருத்தன் அந்த வரிப்பணத்தைப் புடுங்கறதுக்கு அருவா. சும்மா போறதுக்குன்னே போற மொத ஆளு நீதான்.

திரும்பறப்பச் சிவன்மலை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில இப்ப என்ன வெச்சிருக்குதுன்னு பாத்துட்டு வா. யாரு கனவுல எந்தச் சாமான் வருதோ, பூப்போட்டுக் கேட்டு அதை அந்தப் பெட்டிக்குள்ள வெப்பாங்க. உன்ற சைக்கிள் எவன் கனவுலயும் போயிராம இருக்கோணும்.

அப்பறம் காங்கயம். எல்லாம் சேத்து நூறு கிலோமீட்டருக்குக் கம்மியா இருக்காது. காங்கயத்துல எண்ணெய் மில்லுல தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு பத்துக் கிலோ மட்டும் வாங்கிட்டு வந்துரு. காளை உன்னைய மொறைக்கறது நின்னுரும். கனமெல்லாம் இல்லை, பின்னால கேரியர்ல வெச்சுக் கட்டினா...

என்னது, கேரியர் இல்லியா? ரெண்டு லட்சத்துக்கு?