வெள்ளிக்கிழமைக் கேள்விகள்

1950களின் நடுவில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களிடம்கூட ஆளுக்கு ஒரு வெள்ளி திரட்டினார்கள், ஒரு பல்கலைக்கழகத்துக்காக. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை வரப்போகிறது, அதில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற பேச்சு அடிபட்டது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி கொதித்தெழுந்து ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கினார். 1956இல் துறை தமிழோடு பிறந்தது. பால்மரம் வெட்டியவர்களின் காசு அதன் நூலகத்துக்குப் போனது. கொடுத்தவர்களில் கைநாட்டு வைத்தவர்களும் உண்டு.

ஜோகூர் மாநிலத்து ரெங்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்திலும் அப்படிப்பட்ட மனிதர்கள்தான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து, பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிடுவார்கள். தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தோடு வந்து உட்காருவார். மெய்கண்டார் எழுதியது பன்னிரண்டே சூத்திரம். அதில் ஒன்று முடியவே சில வாரம் பிடிக்கும். சிவஞான முனிவரின் சிற்றுரையை வீட்டில் படித்துவிட்டு வந்து, எங்கள் தோட்டத்துத் தமிழில் விளக்குவார். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் கடைசிவரை அசைய மாட்டார்கள்.

மூன்றாம் சூத்திரம் நடந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. உடம்பு வேறு, உயிர் வேறு என்பதற்கு அதில் சில காரணங்கள் வருகின்றன. ‘என் உடல்’ என்று சொல்கிறோமே, அப்படியானால் சொல்கிறவன் உடலுக்கு வேறானவன் என்பது அவற்றில் ஒன்று. பின்வரிசையில் இருந்த பால்வெட்டுக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஐயா, ‘என் உயிர்’னும் சொல்றோமே. அப்போ உயிருக்குச் சொந்தக்காரன் யாரு?”

கிராணியார் ஒரு வாரம் தவணை கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பதிலோடு வந்தார். இராகுவுக்குத் தலை மட்டும்தான் உண்டு, ஆனாலும் ‘இராகுவின் தலை’ என்கிறோம், ‘என் உயிர்’ என்பதும் அந்த மாதிரிப் பேச்சு வழக்குதான் என்றார். பெரியவர் விடவில்லை. “அப்போ ‘என் உடல்’னு சொல்றதும் வெறும் பேச்சு வழக்கா இருக்கலாமே, ஐயா?” யாரும் அவரை அதட்டவில்லை. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியாரே சிவஞான சித்தியாரில் உலகாயதம் தொடங்கி மாற்றார் கொள்கைகளைப் பரபக்கம் என்னும் பகுதியில் எடுத்து ஆராய்ந்த பிறகுதானே தம் பக்கத்துக்கு வருகிறார். மறுப்பவனுக்கு முதலிடம் கொடுத்த மரபு அது.

தோட்டத்துக் காசில் நூலகம் வளர்த்த அந்த இந்தியத் துறை 1959இல் கோலாலம்பூருக்கு மாறியது. அதன் தலைவராயிருந்த தனிநாயகம் அடிகள் அங்கிருந்துதான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சிங்கப்பூரிலேயே நின்ற பகுதி வளர்ந்து, 1980இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. கெண்ட் ரிட்ஜில் இருக்கும் அதன் மெய்யியல் துறைக்கு இன்று உலகெங்குமிருந்து அறிஞர்கள் வந்து பேசுகிறார்கள். ரெங்கத்திலிருந்து கூலாய், ஜோகூர் பாரு தாண்டிப் பாலத்தைக் கடந்தால் போய்விடலாம்.

அத்தகைய கூட்டங்களில் என்னைக் கவர்ந்தது கேள்வி நேரம். மெய்யியல்காரர்களிடையே பரவலாக ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேள்வி என்றால் கையை உயர்த்த வேண்டும். நடந்துகொண்டிருக்கும் கேள்வியைத் தொடர்வதானால் ஒரு விரல் போதும், விரல் காட்டுபவருக்கு முன்னுரிமை. எங்கள் பெரியவரின் இரண்டாவது கேள்வி அசல் விரல் கேள்வி. பயிலரங்கு என்றால் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிடுவதும் உண்டு. எல்லாரும் படித்துவிட்டு வந்து நேரே விவாதத்தில் இறங்குவார்கள். நல்ல முறை. தமிழ்க் கூட்டங்களில் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் போகிற நேரத்தை நினைத்தால் மனம் கசக்கிறது.

இன்று ரெங்கத்தைச் சுற்றிச் செம்பனை நிற்கிறது. தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டதாரிகள். மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மெய்யியலும் நடப்பு விவகாரங்களும் சேர்ந்த ஒரு பாடம் கட்டாயம். தம்பி மகன் அதில் ‘ஏ’ வாங்கினான். வகுப்பில் என்ன கேள்வி கேட்டாய் என்றேன். “கேள்வி கேக்க நேரமில்ல பெரியப்பா, ஸ்லைடு முடிக்கணும்ல” என்றான். எழுத்தறியாதவர்கள் கேள்வி கேட்டார்கள். நாம் படிக்க வைத்த பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்து வாதாடத் தமிழில் ஓர் இடத்தை நாம்தான் அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை.

ஆகவே மெய்யியல் துறைகளில் படிக்கும், பாடம் சொல்லும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெண்ட் ரிட்ஜில் பேசுவதை ஒருமுறை ரெங்கத்திலும் வந்து தமிழில் பேசுங்கள். கோயில் மண்டபத்தில் மின்விசிறி, மைக், நாற்காலி எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின் அது சும்மாதான் கிடக்கிறது. மாலை மரியாதை எதிர்பார்க்காதீர்கள். பேச்சுக்கு ஒரு மணி நேரம் என்றால், கேள்விக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.