வயிற்றைக் கழுவிய வரலாறு

நெய்வேலி பூமிக்குக் குசும்பு அதிகம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். கறுப்பாக என்னவோ வந்தது. பழுப்பு நிலக்கரி என்றார்கள். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சர்க்கார் கரிக்காகத் தோண்டியது. தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சாதாரணத் தண்ணீர் என்றால் வாளியால் இறைத்துவிடலாம். இது கரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேல்மண்ணை அள்ள அள்ளச் சுமை குறையும். ஒருநாள் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்து நிற்கும். பூமியின் வயிற்றில் குழாய் விட்டு அதை உறிஞ்சினால்தான் கரியில் கை வைக்க முடியும் என்று எஞ்சினியர்கள் முடிவு கட்டினார்கள்.

குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவது வைத்தியத்தில் அதற்குள் பழகிய கதையாகிவிட்டிருந்தது. அந்தக் கதையில் வரும் மகானுபாவர்களைப் பார்த்தால் நம் எஞ்சினியர்கள் எவ்வளவோ தேவலை.

பிள்ளையார் சுழி போட்டவர் எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ. அப்பா, மகன், பேரன் மூவருக்கும் அதே பெயர், அதே பேராசிரியர் நாற்காலி. ரேஷன் கார்டு கொடுக்கிற தாசில்தார் அழுதுவிடுவார். இவர் நடுவில் உள்ளவர். 1767 வாக்கில் குழாய் யோசனை இவருக்கு வந்தது, வயிறு உப்பிக்கிடந்த மாடுகளுக்காக. மனிதனின் முறை பிறகுதான்.

1812-இல் பிலடெல்பியாவில் பிலிப் சிங் ஃபிசிக் என்ற அறுவை மருத்துவரிடம் இரட்டைக் கைக்குழந்தைகள் வந்தன. கக்குவானுக்குக் கொடுத்த அபின் மருந்து அளவு மீறிவிட்டது. அவர் வளையும் குழாயை இறக்கி, சிரிஞ்சால் உறிஞ்சிக் கழுவினார். ஒரு குழந்தை பிழைத்தது. இது மன்றோவின் யோசனை என்று தெரியவந்ததும், ‘பெருமை அவருக்கே’ என்று அச்சில் எழுதியும் வைத்தார். அவருக்கு இங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுவோம். இனி வருகிறவர்களிடம் அந்தக் குணம் கிடையாது.

லண்டனில் எட்வர்டு ஜூக்ஸ், 1822. நாய்களின் வயிற்றில் பம்பைச் சோதித்தார். நாய் வாய்திறந்து சாட்சி சொல்லாது என்பதால், அடுத்து அபின் கரைசலைத் தானே குடித்துவிட்டு உதவியாளரை உறிஞ்சச் சொன்னார். உதவியாளருக்கு அன்று கை நடுங்கவில்லை. ஜூக்ஸ் ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்தார். எழுந்து பார்த்தால், ஜான் ரீட் என்கிற தோட்டக்காரர் ‘பம்பு என்னுடையது’ என்று நிற்கிறார். செடிகொடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற சிரிஞ்சு செய்தவர், அதையே வயிற்றுக்கும் திருப்பிவிட்டார். கைஸ் ஆஸ்பத்திரியில் சர் ஆஸ்ட்லி கூப்பர் பலர் முன்னிலையில் அந்தப் பம்பைச் சோதித்தும் காட்டினார். அபின் ஊட்டப்பட்ட நோயாளி மறுபடியும் ஒரு நாய். பம்பு யாருடையது என்று மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். நாய்கள் உரிமை கோரவில்லை.

1860-களின் கடைசியில் ஜெர்மனியின் அடோல்ஃப் குஸ்மால், விஷம் குடிக்காதவர் வயிற்றிலும் பம்பை விட்டார். சாப்பிட்டது கீழே இறங்காமல் வயிறு வீங்கிப்போனவர்களுக்கு அது நிம்மதி தந்தது. அதே மனிதர் வாள் விழுங்குகிற வித்தைக்காரரைப் பிடித்து, வாளுக்குப் பதில் நேர்க்குழாயை விழுங்கவைத்து உள்ளே எட்டியும் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கழுவல்தான். ஆளை இடது பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, சுண்டுவிரல் பருமன் குழாயை வாய்வழியே இறக்குவார்கள். மேல்நுனியில் புனல். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, புனலை வயிற்றுக்குக் கீழே தாழ்த்தினால் உள்ளே போனது கலங்கலாகத் திரும்பி வரும். தெளிவாக வரும்வரை ஊற்று, தாழ்த்து, ஊற்று, தாழ்த்து. நம் சினிமா டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “வயித்தைக் கழுவிட்டோம், இனி பயமில்லை” என்று சொன்னால்தான் இடைவேளையே விடுவார்கள்.

1997-இல் அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் அமைப்புகள் உட்கார்ந்து ஆதாரங்களைப் புரட்டின. வழக்கமாக எல்லோருக்கும் இதைச் செய்யாதீர்கள் என்று கூட்டாகச் சொல்லிவிட்டன. ஒரு மணி நேரம் தாண்டினால் பலன் சொற்பம். கழுவுகிற தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் புது வியாதி. ஆசிட், மண்ணெண்ணெய் உள்ளே போனவருக்கு வயிற்றைக் கழுவுவதே ஆபத்து. இருநூறு வருஷத்துப் பம்பு ஒரே அறிக்கையில் பரணுக்குப் போனது.

நெய்வேலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுரங்கத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் தீபாவளி, பொங்கல் பாராமல் ராப்பகலாக உறிஞ்சுகின்றன. நிறுத்தினால் தரை பிளக்கும். வடித்த தண்ணீர் அனல் மின் நிலையத்துக்குப் போகிறது, டவுன்ஷிப் குழாய்க்குப் போகிறது, வறட்சி வந்தால் சென்னைக்கும் போகிறது. ஒரு வயிற்றில் வேண்டாம் என்று எடுத்ததை இன்னொரு வயிறு வரிசையில் குடத்தோடு நின்று வாங்கிக்கொள்கிறது. சுற்றுவட்டாரத்து விவசாயி மட்டும், “எங்க கிணத்துத் தண்ணி எங்கய்யா போச்சு?” என்று கேட்டுக்கொண்டே போரை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு இறக்குகிறார்.

ஒரு மணி நேரம்தான் கெடு என்று எழுதிய நிபுணர்கள், அறுபது வருஷத்துக்கு மேலாகியும் குழாயை எடுக்காத கேஸைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மெகாவாட் என்று கணக்கு காட்டுவார்கள்.