சங்கப் பலகை வாடகைக்கு

அனுப்புநர்: பாலவனத்தத்து மானாவாரி விவசாயி ஒருவன்.
பெறுநர்: ஒப்பந்தப்புள்ளி ஆய்வுக் குழுவினர், எந்தத் துறையாக இருந்தாலும் சரி.
பொருள்: சங்கப் பலகை வாடகைக்கு விடுவது தொடர்பாக.
பார்வை: 1. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. 2. எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கலுங்கு (நேரில் பார்த்தது).

ஐயா,

எங்கள் ஊர் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது. பஸ்ஸில் கண் அசந்தால் தாண்டிவிடும். ஆனாலும் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஜமீன்தார். அந்த உரிமையில் பழைய சங்கத்துத் தட்டுமுட்டுச் சாமான்களிலும் எங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று நாங்களாகவே சொல்லிக்கொள்கிறோம். அதில் முக்கியமானது பலகை. தகுதி உள்ளவன் வந்தால் இடம் கொடுக்கும், இல்லாதவனைக் கண்டால் சுருங்கிக்கொள்ளும். அதற்குத் தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு உறை வேண்டாம். டீயும் மெதுவடையும் வேண்டாம். மேலேயிருந்து போன் வந்தாலும் எடுக்காது, மரம்தானே.

இதை இப்போது ஏன் வாடகைக்கு விடுகிறோம் என்றால், எங்கள் கண் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய் மேல் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய், மூன்று கட்டம். கடைசிக் கட்டம் வைகையிலிருந்து குண்டாறு வரை, 34 கிலோமீட்டர். அந்தக் குண்டாறு திருச்சுழி வழியாகப் போகிறது. போவது ஆறு, தண்ணீர் எப்போதாவது கூடப் போகும். அந்த வேலையில் குற்றம் சொல்ல வரவில்லை. கடைமடைக்காரன் கவலை மட்டும்தான் சொல்கிறேன். மேலே யார் எப்படிக் கட்டினார்கள் என்பது எங்கள் வயலில்தான் தெரியும்.

உங்கள் சட்டத்தைப் படித்தேன். நல்ல சட்டம். அளந்து காட்டக்கூடிய காரணிகளை வைத்து, அதில் குறைந்த புள்ளியை ஏற்க வேண்டும் என்கிறது. 2 கோடிக்கு மேற்பட்ட வேலை என்றால் புள்ளி கொடுக்க 30 நாள் விட வேண்டும் என்கிறது விதி. அவசரம் என்றால் காரணத்தை எழுதிவைத்து நாளைக் குறைத்துக்கொள்ளலாம். எத்தனையோ வருஷமாகக் கிழிந்து கிடக்கும் ரோட்டுக்குத் திடீரென்று வரும் அந்த அவசரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை இங்கே கேட்கவில்லை.

நிபந்தனைகளைப் பற்றித்தான் கேட்க வேண்டும். பெண்ணுக்கு வரன் தேடி விளம்பரம் கொடுக்கிறவர், மாப்பிள்ளைக்கு இடது காதோரம் மச்சம் இருக்க வேண்டும், அவர் வீட்டு வாசலில் இரட்டை வேப்பமரம் நிற்க வேண்டும் என்று போட்டால், ஊரில் என்ன பேசுவார்கள்? மாப்பிள்ளை முடிவாகிவிட்டார், பத்திரிகைதான் அடிக்கவில்லை என்பார்கள். இத்தனை கிலோமீட்டருக்குள் தார் கலவை ஆலை சொந்தமாக இருக்க வேண்டும், இதே அகலத்தில், இதே உயரத்தில் ஒரு பாலம் கட்டியிருக்க வேண்டும் என்று சில அறிவிப்புகளைப் படிக்கும்போது எனக்கு அந்த வேப்பமரம்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நேர்மையாக மார்க் போட்டாலும் என்ன?

என் மச்சினன் சின்ன ஒப்பந்ததாரன். ஒருமுறை நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, முன்வைப்புத் தொகைக்கு அக்காள் சங்கிலியை அடகு வைத்து, ஓர் அலுவலகத்தில் புள்ளி கொடுத்தான். பேர் வேண்டாம். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று. விலை உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். விதி விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மேஜையில் இன்னொருவருடைய உறைக்கு, 'விட்டதைப் போட்டுக் கொடுங்கண்ணே' என்று பேனாவை நீட்டினார்கள். மச்சினன் உறை இன்னும் சங்கிலியோடு சேர்த்து அக்காள் பீரோவில்தான் இருக்கிறது. சங்கிலியை மூன்று வருஷம் வட்டி கட்டி மீட்டோம், உறையை இன்னும் பிரிக்கவில்லை.

சரி, குறைந்த புள்ளிக்குக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? பார்வை இரண்டைப் பாருங்கள். மதிப்பீட்டுக்கு ரொம்பக் கீழே போட்டு ஒருவர் எடுத்த வேலை அந்தக் கலுங்கு. ஊரே புகழ்ந்தது. பூசி இரண்டாவது மழைக்கு நான் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தேன். பொட்டுக்கடலை மாவு மாதிரி உதிர்ந்தது. அந்த ஆள் கணக்குத் தப்பவில்லை. குறைத்த பணத்தை சிமெண்டில் எடுத்துக்கொண்டார். வேறு சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள், குறைத்துப் போட்டு வேலையை எடுத்துவிட்டு, பாதியில் திருத்திய மதிப்பீட்டில் ஏறிக்கொள்வார்கள்.

இதற்கு எபேசு நகரத்தில் ஒரு வழி இருந்ததாக விட்ரூவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்காரர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். பொதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு கொடுக்கிறவனுடைய சொத்து, வேலை முடியும்வரை ஈடாக இருக்கும். சொன்ன தொகைக்குள் முடித்தால் மரியாதை. கால்பங்கு வரை கூடினால் அரசு போட்டுக்கொள்ளும். அதற்கு மேலே போனால் அவன் சொத்திலிருந்து பிடிப்பார்கள். இந்தச் சட்டம் இங்கே வந்தால் எத்தனை பங்களா ஏலத்துக்கு வரும் என்று எங்கள் டீக்கடையில் ஒரு சாயங்காலம் முழுக்கக் கணக்குப் போட்டோம். சுகமாக இருந்தது.

பலகை இருந்த அதே சங்கத்துக்குப் பாட்டுக் கொண்டுவந்த தருமியை மறந்துவிடாதீர்கள். நாகேஷ் முகத்தோடுதான் அவரை எங்களுக்குத் தெரியும். புள்ளி போட்டவர் ஒருவர், பாட்டு எழுதினவர் வேறொருவர். சபையில் நக்கீரர் விளக்கம் கேட்டதும் திருதிருவென்று விழித்தார். இப்போதும் வேலை ஒரு பேரில், கொத்தனார் மூன்றாவது கையில். நக்கீரரிடம் எனக்குப் பிடித்தது அவர் கேள்வி கேட்டது அல்ல. உள்குத்தகை எடுத்தவர் யார் என்று தெரிந்த பிறகும், நெற்றிக்கண் திறந்த பிறகும், ஆட்சேபணைக் குறிப்பைத் திரும்பப் பெறவில்லை.

பலகை வாடகை விவரம் கீழ்க்கண்டவாறு: முன்பணம் வேண்டாம், கமிஷன் கிடையாது. எடுத்துப்போகும் முன், குழுவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிபந்தனை எழுதினவர் முதலில்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடைமடைக்காரன்