போனவரும் வந்தவரும்

சின்ன காஞ்சிபுரம் டீக்கடையில் கோயிலின் வடகலை, தென்கலை வழக்கு அலுத்துவிட்டால் சென்னையின் எஃப்சி வழக்கு தொடங்கும். 2019–20 ஐஎஸ்எல் கால்பந்தில் சென்னையினுக்காக 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கிய லிதுவேனியாக்காரர் நெரியஸ் வால்ஸ்கிஸ், பயிற்சியாளர் ஓவன் காயிலின் பின்னாலேயே ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். "துரோகி" என்றது ஒரு பெஞ்சு. "அவருக்கும் குடும்பம் இருக்குல்ல?" என்றது மறு பெஞ்சு. கொரோனாவால் அடுத்த பருவம் முழுக்க கோவாவில்தான் நடந்தது. ஆகவே அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போகவே இல்லை என்பது மூன்றாவது பெஞ்சின் வாதம்.

தறியிலிருந்து எழுந்து வந்த பெரியவர் கேட்டார்: "வாங்கின முன்பணத்தைக் கட்டாம என்னால அடுத்த தெருத் தறிக்கே போக முடியல. இவரு மட்டும் எப்பிடிப்பா போனாரு?"

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றோம். ஒப்பந்தம் முடியும் என்பதையே அவர் நம்பவில்லை.

2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் சென்னையினுக்கே திரும்பினார். துரோகி பெஞ்சு சத்தமில்லாமல் 'நம்மாளு' பெஞ்சு ஆனது. கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் வெளியே வர 40 வருஷம், இவருக்கு ஒன்றரைதான் என்று பெருமை வேறு. 2023இல் காயிலும் வந்துவிட்டார்.

பெரியவரின் முன்பணம் அப்படியே இருக்கிறது.