செத்தும் திருடிய கேப்டன்

1968 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில், பத்து மணிக்கு ஆரம்பித்த நிகழ்ச்சியின் நடுவில் கேப்டன் ஜேம்ஸ் டி. கிர்க் செத்துப்போனார். கொன்றவர் வேற்றாள் இல்லை, உயிர் நண்பர் ஸ்பாக். ‘ஆள் காலி’ என்று உறுதி செய்தவர் சொந்தக் கப்பலின் டாக்டர். அடுத்த விளம்பரங்கள் முடிவதற்குள் பிணம் எழுந்து உட்கார்ந்து, எதிரியின் கப்பலுக்குத் திருடக் கிளம்பிவிட்டது. சீதக்காதி செத்தும் கொடுத்தார் என்பார்கள். இவர் செத்தும் திருடினார்.

‘ஸ்டார் டிரெக்’ தொடரின் மூன்றாவது சீசன் அது. ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதித் தொடரை நிற்காமல் காப்பாற்றியிருந்தார்கள். சேனல்காரர்கள் அந்த அன்புக்கு மரியாதை செய்தார்கள்: பட்ஜெட்டைக் குறைத்து, இளைஞர்கள் யாரும் வீட்டில் இருக்காத வெள்ளி இரவு பத்து மணிக்குத் தூக்கிப் போட்டார்கள். இந்த எபிசோடின் பெயர் ‘தி எண்டர்பிரைஸ் இன்சிடென்ட்’. எழுதியவர் டி.சி. ஃபொன்டானா. டி.சி. என்றால் டோரதி கேதரின். விண்வெளிச் சண்டையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் ஸ்கிரிப்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பும் ஆண்கள் நிறைந்த தொழில். அதனால் பெயரை இரண்டு எழுத்தாகச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மாறுவேட ஒற்றன் கதை எழுத இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

அவருக்குக் கதை கிடைத்தது செய்தித்தாளில். அந்த வருடம் ஜனவரி 23 அன்று வட கொரியாவின் வொன்சான் துறைமுகத்துக்கு வெளியே யு.எஸ்.எஸ். பியூப்லோ என்ற அமெரிக்கக் கப்பல் பிடிபட்டது. ஊருக்குச் சொன்ன பெயர் கடல் ஆராய்ச்சிக் கப்பல். பார்வைக்கு இருக்கட்டும் என்று நிஜமான கடலியல் ஆட்கள் இரண்டு பேரையும் ஏற்றியிருந்தார்கள். பூட்டிய அறைக்குள் இருந்தவை ஒட்டுக்கேட்கும் கருவிகளும் சைஃபர் மெஷின்களும். தற்காப்புக்கு இரண்டு மெஷின் கன். அவையும் பனி உறைந்து இறுகிய தார்ப்பாய்க்குள். கொரியப் படகுகள் சூழ்ந்துகொண்டு சுட ஆரம்பித்தபோது ரகசியக் காகிதங்களை அழிக்க வேண்டுமே! கிழிக்கும் மெஷின் ஆமை வேகத்தில் கிழித்தது. மாலுமிகள் கோடரியும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு மெஷின்களை அடித்தார்கள். இரும்பு அசரவில்லை. ஒரு மாலுமி குண்டடிபட்டு இறந்தார். மீதி 82 பேரும் கைதானார்கள்.

எங்கள் எல்லைக்குள் வந்தீர்கள் என்றது வட கொரியா. இல்லவே இல்லை, சர்வதேசக் கடல் என்றது அமெரிக்கா. இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஃபொன்டானாவுக்கு விபரீதமான ஒரு கேள்வி தோன்றியது. கேப்டன் தெரிந்தேதான் எல்லை தாண்டியிருந்தால்? மாட்டிக்கொண்டதே பிளான் என்றால்?

தோற்ற சண்டையை ராத்திரி பாயில் புரண்டபடி மறுபடி போட்டு ஜெயிப்பது எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்கர்கள் அதைக் கலரில், ஒரு மணி நேரத்துக்கு, விளம்பரதாரர் உதவியோடு செய்தார்கள்.

இனி விண்வெளி. எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் கிர்க் சில நாட்களாகவே சிடுசிடுவென்று இருக்கிறார், எல்லோரிடமும் எரிந்து விழுகிறார் என்று டாக்டர் மெக்காய் தன் மருத்துவக் குறிப்பில் பதிவு செய்கிறார். பிறகு ஒரு நாள் யாரையும் கேட்காமல், கப்பலை எதிரிகளான ரோமுலன்களின் எல்லைக்குள் திருப்பு என்கிறார் கேப்டன். திருப்புகிறார்கள். எங்கிருந்தோ மூன்று ரோமுலன் கப்பல்கள் முளைத்துச் சூழ்ந்துகொள்கின்றன. ரோமுலன்களிடம் இருப்பது கப்பலையே மறைத்துவிடும் ஒரு கருவி. அதைத் திருடிவரத்தான் கிர்க்கின் அரசாங்கமான ஃபெடரேஷன் அவரை அனுப்பியிருக்கிறது. எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. காரியம் கெட்டால், ‘அவர் கொஞ்ச நாளாகவே சரியில்லை, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று கைகழுவ வசதியாகக் கேப்டன் முன்கூட்டியே பைத்தியமாகிவிட வேண்டும். மேலதிகாரி சிக்காமல் இருக்கக் கீழே உள்ளவன் மண்டை கழன்றவன் ஆவது எந்த அரசாங்கத்திலும் புதிதல்ல. இங்கே அதற்கு மெடிக்கல் ரெக்கார்டும் தயார்.

ரோமுலன் படைக்குத் தலைவி ஒரு பெண். நடித்தவர் ஜோஆன் லின்வில். அவர் கிர்க்கையும் ஸ்பாக்கையும் தன் கப்பலுக்கு அழைத்து விசாரிக்கிறார். கருவி கோளாறு, வழி தவறி வந்துவிட்டோம் என்று கிர்க் சாதிக்கிறார். தலைவி ஸ்பாக் பக்கம் திரும்புகிறார். ஸ்பாக்கின் வல்கன் இனத்தார் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது பிரபஞ்சம் முழுக்கப் பரவிய நம்பிக்கை. அப்படி ஒரு நற்பெயர் இருப்பவன்தான் எவ்வளவு பெரிய பொய்யையும் சுலபமாக விற்க முடியும் என்பது அந்தத் தலைவிக்குத் தோன்றவில்லை. ஆமாம், எல்லை தாண்ட உத்தரவிட்டவர் இவர்தான், இவர் புத்தி சுவாதீனத்தில் இல்லை என்று போட்டு உடைக்கிறார் ஸ்பாக். துரோகி, உன்னைக் கொல்லாமல் விட மாட்டேன் என்று துள்ளுகிறார் கிர்க். கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் துள்ளினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இந்த ஒரு எபிசோடில்தான் அந்த நடிப்பு கதைக்கு அளவாகப் பொருந்தியது.

கிர்க்கைச் சிறையில் அடைக்கிறார்கள். மின்தடுப்பில் தானே போய் மோதிக் காயப்படுத்திக்கொள்கிறார். மருத்துவம் பார்க்க மெக்காயை வரவழைக்கிறார்கள். சமயம் பார்த்துக் கிர்க், ஸ்பாக்கின் மேல் பாய, ஸ்பாக் அவர் முகத்தில் விரல்களை விரித்து ஒரு பிடி பிடிக்கிறார். கேப்டன் கட்டையாகச் சாய்கிறார். தற்காப்புக்காக என்னையறியாமல் வல்கன் மரணப் பிடியைப் போட்டுவிட்டேன் என்கிறார் ஸ்பாக், முகத்தில் சலனமே இல்லாமல். மெக்காய் குனிந்து பார்த்துவிட்டு, இறந்துவிட்டார் என்கிறார். அந்தத் தொடர் முழுக்க யார் செத்தாலும் கிர்க்கிடம் ஓடி வந்து சாவுச் செய்தி சொல்வதுதான் அவருடைய முக்கியமான மருத்துவப் பணி. அன்றைக்குச் சொல்லக் கிர்க் இல்லை, எதிரிகளிடம் சொன்னார். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு விண்மீன் பேரரசு, கப்பலையே காணாமல் அடிக்கும் விஞ்ஞானம், அத்தனையும் இருந்தும், செத்தவன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க அந்தக் கப்பலில் ஒரு கம்பவுண்டர் கிடையாது. ‘பாடி’யை அன்போடு எண்டர்பிரைஸுக்கு அனுப்பிவைத்தார்கள்.

எண்டர்பிரைஸ் மருத்துவ அறையில் கிர்க் எழுந்து உட்கார்கிறார். கழுத்து வலிக்கிறதாம். வல்கன் மரணப் பிடி என்று ஒன்று கிடையவே கிடையாதே என்று குழம்புகிறார் நர்ஸ் சேப்பல். அது ரோமுலன்களுக்குத் தெரியாதே என்கிறார் கேப்டன். மொத்த ராணுவ நடவடிக்கையும் இந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது.

ஸ்பாக்கின் வழக்கமான கழுத்துப் பிடியும் இதே போல ஆத்திர அவசரத்துக்குப் பிறந்ததுதான். 1966-இல் ‘தி எனிமி விதின்’ எபிசோடின் படப்பிடிப்பு. ஸ்பாக் பின்னால் வந்து துப்பாக்கிக் கட்டையால் கிர்க்கின் மண்டையில் அடிக்க வேண்டும் என்று ஸ்கிரிப்டில் இருந்தது. இவ்வளவு அறிவாளி கௌபாய் படத்து அடியாள் மாதிரி அடிப்பானா என்று ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் மறுத்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே விரலால் ஒரு அழுத்து, ஆள் காலி என்று அவரே ஒரு யோசனை சொன்னார். இயக்குநருக்கு அது புரியவில்லை. ஷாட்னருக்கு உடனே புரிந்தது. நிமாய் தொட்டதும் அழகாகச் சுருண்டு விழுந்து காட்டினார். அந்தப் பிடியின் சக்தியெல்லாம் விழுகிறவரிடம்தான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அதற்கு ‘மரணம்’ என்று அடைமொழி கொடுத்து ஒரு பேரரசையே ஏமாற்றிவிட்டார்கள்.

அப்புறம் கிர்க்குக்கு மாறுவேடம். கூரான காது, ஏறிய புருவம், ரோமுலன் சீருடை, முடிந்தது. கன்னத்தில் மரு ஒட்டிய கதாநாயகனை வில்லனின் ஆட்கள் கடைசிவரை அடையாளம் காணாத படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆட்சேபம் எழுப்ப யோக்கியதை கிடையாது. கிர்க் நேராகப் போகிறார், ஓரிரு பேரை அடித்துப் படுக்க வைக்கிறார், கருவியைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பேரரசின் தலையாய ரகசியம், பார்க்க ஒரு மேஜை விளக்கு. குறைத்த பட்ஜெட்டின் மகிமை. எஞ்சினியர் ஸ்காட்டி அந்த வேற்றுக் கிரகத்து மெஷினை, மேனுவல் இல்லாமல், சில நிமிடங்களில் தன் கப்பலில் பொருத்த வேண்டும். பொருத்திவிடுகிறார்.

இதற்கிடையில் ஸ்பாக் என்ன செய்துகொண்டிருந்தார்? சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேப்டனைக் கொன்ற கையோடு தலைவியின் அறையில் விருந்து. எங்கள் பக்கம் வந்துவிடு, தனிக் கப்பலே தருகிறேன் என்கிறார் அவர். தன் பெயரை ஸ்பாக்கின் காதில் ரகசியமாகச் சொல்கிறார். அது இன்றுவரை நம் காதில் விழவில்லை. சீருடையைக் களைந்து நல்ல உடை உடுத்தி வருகிறார். விரலோடு விரல் உரசிக்கொள்கிறார்கள். காதல் இப்படிக் கொழுந்துவிட்டதில் ஃபொன்டானாவுக்கு உடன்பாடில்லை. பின்னே? ஒரு படையையே நடத்துகிற பெண், இன்னொரு நாட்டு அதிகாரியின் புருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் காவலை மறந்தாள் என்றால் எழுதியவருக்கு வயிறு எரியாதா? எனக்கும் அங்கேதான் கதை இடறுகிறது. பிணத்தைச் சோதிக்காததைக்கூட மன்னித்துவிடலாம்.

விஷயம் வெளிப்பட்டதும் ஸ்பாக்குக்கு மரண தண்டனை. சாகுமுன் வாக்குமூலம் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று ஆரம்பித்து, எண்டர்பிரைஸ் தன்னைத் தூக்கிக்கொள்ளும்வரை நிதானமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். அவரைப் பிடித்துக்கொண்ட தலைவியும் சேர்ந்தே எண்டர்பிரைஸுக்கு வந்து இறங்குகிறார். திருடிய விளக்கு வேலை செய்கிறது, கப்பல் மாயம். சமாதானமே எங்கள் மூச்சு என்று வாராவாரம் பேசிய கூட்டம், எல்லை தாண்டி, பொய் சொல்லி, திருடி, ஒரு பெண்ணையும் கைதியாக அள்ளிக்கொண்டு வீடு திரும்பியது. கடைசியில் கேப்டனின் காதுதான் எல்லாருக்கும் வேடிக்கை.

இந்த வேடிக்கைக்கு நடுவில் பியூப்லோவின் 82 பேரும் வட கொரியச் சிறையில்தான் இருந்தார்கள். அங்கேயும் ஒரு பொய்ச் சாவு நடந்திருந்தது. கப்பலின் கேப்டன் லாயிட் பூக்கரை மண்டியிட வைத்து, தலையில் துப்பாக்கி வைத்து, சுடுவது போல நடித்துக் காட்டினார்கள். அவர் மசியவில்லை. உன் ஆட்களை, வயதில் இளையவனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக உன் கண் முன்னே சுடுவோம் என்றார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். வேறு யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் அவருடைய ஆட்களிடம் ஸ்பாக்கின் சரக்கு கொஞ்சம் இருந்தது. கைதிகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று காட்ட வட கொரியர்கள் எடுத்த குழுப் படங்களில், மாலுமிகள் புன்னகையோடு நடுவிரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என்ன அது என்று கேட்டபோது, ஹவாய் தீவில் அதிர்ஷ்டத்துக்குக் காட்டும் சின்னம் என்றார்கள். வல்கன் மரணப் பிடிக்குச் சற்றும் குறையாத கண்டுபிடிப்பு. கொரியர்கள் நம்பிப் படங்களை உலகெங்கும் அனுப்பினார்கள். வேலையைக் கெடுத்தது ‘டைம்’ பத்திரிகை. அக்டோபரில் படத்தைப் போட்டு அந்த விரலின் பொருளையும் விளக்கிவிட்டது. விளைவு, டிசம்பரில் விழுந்த அடிக்கு மாலுமிகள் ‘நரக வாரம்’ என்று பெயர் வைத்தார்கள்.

விடுதலை அதைவிட நல்ல நாடகம். டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் மேஜர் ஜெனரல் கில்பர்ட் உட்வர்ட், இந்த மன்னிப்புக் கடிதத்தில் எழுதியிருப்பது எதுவும் உண்மையில்லை, ஆட்களை மீட்பதற்காக மட்டுமே கையெழுத்திடுகிறேன் என்று முதலில் வாய்விட்டுப் படித்தார். பிறகு அதே மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். கொரியர்களுக்குக் கையெழுத்து, அமெரிக்கர்களுக்கு மறுப்பு. ஊர் திரும்பிய பூக்கரை கோர்ட் மார்ஷல் செய்ய வேண்டும் என்று கடற்படையின் விசாரணை நீதிமன்றம் பரிந்துரைத்தது. பட்டது போதும் என்று கடற்படைச் செயலர் தள்ளுபடி செய்தார். கப்பல் மட்டும் வரவில்லை. பியோங்யாங்கில் ஆற்றோரம் காட்சிப் பொருளாக நிற்கிறது. அமெரிக்கக் கடற்படையின் பட்டியலிலும் இன்னும் இருக்கிறது.

நிஜத்தில் திருடு போன மேஜை விளக்கு அமெரிக்காவுடையது. பியூப்லோவின் சைஃபர் மெஷின்கள் கொரியா வழியாக சோவியத் கைக்குப் போய்ச் சேர்ந்தன. போனால் போகட்டும், அன்றன்றைய சாவிப் பட்டியல் இல்லாமல் மெஷின் வெறும் இரும்புதானே என்று வாஷிங்டன் மனதைத் தேற்றிக்கொண்டது. பட்டியல் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. ஜான் வாக்கர் என்ற கடற்படை வாரன்ட் ஆபீசர் 1967 இறுதியிலேயே அதே வாஷிங்டனில் சோவியத் தூதரகத்துக்குள் வாசல் வழியாக நடந்து போய், வாரச் சம்பளம் பேசிக்கொண்டு வந்திருந்தார். 1985-இல் பிடிபடும்வரை வியாபாரம் நடந்தது. அவர் யாரையும் அடித்துப் படுக்க வைக்கவில்லை, செத்துக் காட்டவில்லை, காதுகூட ஒட்டிக்கொள்ளவில்லை.