பழைய பாவு

வாடா பேராண்டி, உட்காரு. இன்னாது கழுத்துல பட்டை? புதுசா வர்ற புள்ளைங்களுக்கு மென்ட்டரா? போன வருஷம் இதே திண்ணையில 'மேத்ஸ் ஒண்ணு போச்சு தாத்தா'ன்னு மூக்கைச் சிந்தினவன்தானே நீ? சரியான ஆளாத்தான் புடிச்சிருக்காங்க. நெஜமாத்தான்டா சொல்றேன்.

டெல்லியில ஏ.ஐ.சி.டி.இ.ன்னு ஒரு ஆபீஸாம். புது இன்ஜினியரிங் புள்ளைங்களுக்கு மொத மூணு வாரம் காலேஜைப் பழக்குங்க, பாடம் அப்புறம்னு 2017-ல சொன்னாங்களாம். நம்ம ஊரு முள்ளிப்பட்டுல, தறியில, எங்க தாத்தா காலத்துலயே அது நடந்துச்சு. ஆபீஸுதான் இல்ல.

தறியைப் பாரு. ஒரு பாவு நூலு நெய்து முடிஞ்சா முழுசா அறுத்துடறமா? அச்சுலயும் விழுதுலயும் மிச்சத்தைத் தொங்க விடறோம். விரல்ல சாம்பலைத் தொட்டு, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழசோட பிணைக்கணும். ஆயிரக்கணக்குல இழை. உங்க பாட்டி கண்ணாடி போட்டதே இதுலதான். அப்புறம் மெதுவா இழுத்தா புதுசு தானா அச்சைத் தாண்டி வந்துடும். பழசு இல்லன்னு வையி, பல்லு பல்லா நூல் கோத்துக்கினு கெடக்கணும்.

அந்த மிச்சம்தான்டா நீ. சேலைன்னு நெனச்சு மினுக்காதே.

வெடுக்குன்னு இழுத்தியோ, அறுந்துபூடும். புள்ளைங்க விஷயத்துலயும் அதேதான். 1996-ல சிதம்பரத்துல நாவரசுன்னு ஒரு மருத்துவப் புள்ளையை சீனியர் ஒருத்தனே கொன்னான். அடுத்த வருஷமே ராகிங்குக்கு எதிராச் சட்டம் வந்துச்சு: ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வரைக்கும் அபராதம். 'நான் பட்டேன், அவனும் படட்டும்'னு பேசறவன் பக்கமே போவாதே.

2021-லேர்ந்து இன்ஜினியரிங்ல அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு ஏழரை சதவீதம் இடம் ஒதுக்கி வெச்சிருக்கு. நம்ம தெருப் புள்ளைங்களும் அப்படித்தான் போவுது. வாத்தியாரு இங்கிலீஷுல 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா, பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டும். அதுங்ககிட்ட உன் மார்க்கைச் சொல்லாதே. (சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லங்கறது வேற விஷயம்.) அரியரைச் சொல்லு. எந்தக் கணக்குல வழுக்கினே, யாரைப் போய்க் கேட்டே, கேக்க எத்தினி நாள் வெக்கப்பட்டேன்னு சொல்லு. ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? அதான் உன்னைப் புடிச்சிருக்காங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. புதுசு அச்சைத் தாண்டினதும் பழசை அறுத்துப் போட்டுடுவோம். 'ஜூனியர் இப்பல்லாம் கண்டுக்கறதே இல்ல தாத்தா'ன்னு மறுபடி இங்க வந்து மூக்கைச் சிந்தாதே.

ஆமா, அந்த மேத்ஸை நீ இன்னும் எழுதலையாமே, உங்கம்மா சொன்னா. புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற சாக்குல நீயும் படிச்சு எழுதிடுடா.