உருபும் பயனும் உடன்தொக்க இழைப்புளி

இழைப்பு, உளி என்னும் இரண்டும் சேர்ந்தது இழைப்புளி. சீவுளி என்பாரும் உளர். இழைப்புக்கு உரிய உளி என்று விரித்துப் பார்த்தால், 'கு' என்ற உருபும் 'உரிய' என்ற பயனும் நடுவில் மறைந்து கிடப்பது தெரியும். நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று எழுதினால் தமிழாசிரியர் இரண்டு மதிப்பெண் போடுவார். சிலர் கையில் இக்கருவியின் பயன் சொல்லுக்குள் மட்டுமன்றி வீட்டுக்குள்ளும் தொக்கே நிற்கிறது. உருவம் மட்டும் எண்ணெய் பூசிக்கொண்டு கண்ணாடி அலமாரியில் விரிந்து நிற்கிறது. இவர்களைச் சேகரிப்போர் என்க. மரத்தைக் கிடத்தி இழைப்பவர்களை இழைப்போர் என்க. இரு சாராரிடமும் இருப்பது ஒரே பொருள்தான் என்பது விற்பவர் கருத்து. அது பொருந்தாது. தொகை என்னும் சொல்லுக்குப் பணம் என்ற பொருளும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

சேகரிப்போரின் மூலநூல் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் என்ற ஊரில் பிறந்தது. லியனார்டு பெய்லி என்பவரின் காப்புரிமைகளை 1869-ல் ஸ்டான்லி ரூல் அண்டு லெவல் கம்பெனி விலைக்கு வாங்கி, வார்ப்பிரும்பில் இழைப்புளிகளை வார்க்கத் தொடங்கியது. பிளேடை ஏற்றி இறக்க ஒரு பித்தளைத் திருகு வைத்தார்கள். ஆப்பைத் தட்டுவது, கூடிப்போனால் பின்பக்கம் தட்டுவது, மறுபடி ஆப்பைத் தட்டுவது என்ற பாடு ஒழிந்தது. நீளவாக்கில் 1 முதல் 8 வரை எண் கொடுத்தார்கள். 8-ம் எண் 24 அங்குலம். 4-ம் எண் 9 அங்குலம். 1-ம் எண் 5½ அங்குலம்.

இந்த 1-ம் எண்ணைக் கையில் வாங்குகிறவருக்கு முதலில் எழும் ஐயம், எதை வைத்துப் பிடிப்பது என்பதே. கைப்பிடி இருக்கிறது, அதைச் சுற்றிக் கை போகாது. பிளேடு கோணினால் நேராக்கும் நெம்புகோல் மற்ற எண்களுக்கு 1880-களிலேயே வந்துவிட்டது; இதற்குக் கடைசிவரை வரவில்லை. சிறுவர்களுக்காகச் செய்தது என்பாரும், விற்பனையாளர் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டும் மாதிரி என்பாரும் உளர். மாதிரியை எழுபது ஆண்டுக்கு மேலாக, 1943 வரை, விலை போட்டு விற்பார் யாருமில்லை ஆதலின் பின்னது பொருந்தாது. முன்னதை ஏற்றால் அந்நாட்டுச் சிறுவர்கள் மேசை நாற்காலி செய்தார்கள் என்றும் ஏற்க வேண்டிவரும்.

எதுவாயினும் இழைப்போர் அதை அதிகம் வாங்கவில்லை. வாங்காததால் கம்பெனி அதிகம் வார்க்கவில்லை. வார்க்காததால் இன்று கிடைப்பதில்லை. கிடைக்காததால் நல்ல நிலையில் இருப்பது ஆயிரம் டாலரை எட்டுகிறது. ஊரெல்லாம் வாங்கி, கதவும் சன்னலும் தொட்டிலும் சவப்பெட்டியும் செய்து தள்ளிய 5-ம் எண்ணையோ அங்கே பழைய சாமான் சந்தையில் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுக்குத் தூக்கிக்கொடுக்கிறார்கள். இதனால் ஒரு விதி பெறப்படும்: இழைப்புளியின் விலை அது இழைத்த மரத்தின் அளவுக்குத் தலைகீழாக அமையும். முன்னர்த் தொகை என்றது இதனை. போலி 1-ம் எண்களும் உலவுகின்றன. அவையும் சரியாக இழைப்பதில்லை. எனவே அசலிலிருந்து பிரித்தறிவது அரிது.

விதி என்றால் புறனடை வேண்டும். மாசசூசெட்ஸில் பியானோ செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி ஸ்டட்லி (1838–1925) தம் கருவிகளுக்கென்று ஒரு பெட்டி செய்தார். சுவரில் மாட்டி இரு கதவாகத் திறப்பது. இருநூறுக்கு மேற்பட்ட கருவிகள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்துக்கு வெட்டிய குழியும் கொக்கியும் உண்டு. ஒரு அடுக்கைத் தூக்கினால் பின்னால் இன்னொரு அடுக்கு. கருங்காலியும் முத்துச்சிப்பியும் பதித்த அந்த மாளிகையில் 1-ம் எண்ணும் குடியிருக்கிறது. அவர் கையால் வேலை செய்து பிழைத்தவர், ஆகவே எம்மவர் என்பர் இழைப்போர். சுத்தியலுக்குக் கோயில் கட்டியவன் எம்மவன் அல்லாமல் வேறு யார் என்பர் சேகரிப்போர். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

1-ம் எண் வாங்க வசதி இல்லாதவர்கள் வகையாய்வில் இறங்குவார்கள். ஸ்டான்லி இழைப்புளிகளைக் காலவாரியாக இருபது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இழைத்துப் பார்த்துப் பிரித்ததன்று. உடலில் வார்த்திருக்கும் காப்புரிமைத் தேதிகள் எத்தனை, முன்குமிழ் குட்டையா நெட்டையா, மேல்மூடியில் உள்ள துளை சாவித்துவாரம் போன்றதா சிறுநீரகம் போன்றதா என்பவையே இலக்கணம். மூன்று தேதியும் குட்டைக் குமிழும் இருந்தால் அது 11-ம் வகை, 1910-ல் தொடங்குவது. சிறுநீரகத் துளை 1933-ல் வந்தது. 17-ம் வகை இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டபடியால் திருகைக் கடின ரப்பரில் செய்தார்கள். துளையின் வடிவத்தை வைத்து இரவெல்லாம் வாதிடும் அறிஞர்கள் உண்டு. சீவலைக் கையில் கொடுத்து, இது எத்தனையாம் வகை இழைத்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

என்னிடம் 11-ம் வகையில் ஒரு 4-ம் எண் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தார். எடை மிகுந்துவிட்டதால் வீட்டுக்கு வாங்கிய பாதாம் பருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தாராம். இதை ஆய்வின் பொருட்டுக் குறிப்பிடுகிறேன்.

மரக்கட்டையில் செய்த பழைய இழைப்புளிகளைச் சேர்ப்போர் முகப்பைப் பார்ப்பார்கள். செய்தவன் பெயர் அங்கேதான் குத்தியிருக்கும். (இழைப்போர் அடியைப் பார்ப்பார்கள். ஒரு இழைப்புளியை ஒருவரிடம் கொடுத்தால் அவர் எந்தச் சாதி என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.) அவர்கள் தேடி அலையும் முகப்புகளில் ஒன்று சீசர் செலோர் என்பவருடையது. மாசசூசெட்ஸின் ரென்தம் ஊரில் இழைப்புளி செய்த பிரான்சிஸ் நிக்கல்சனிடம் அடிமையாக இருந்தவர் அவர். 1753-ல் நிக்கல்சன் இறந்தபோது உயிலில் அவருக்கு விடுதலை எழுதிவைத்தார். கூடவே வேலை செய்த பலகையும் கருவிகளும் பத்து ஏக்கர் நிலமும். அதன்பின் 1784-ல் இறக்கும்வரை செலோர் செய்தவற்றின் முகப்பில் அவர் பெயரும், ரென்தமில் வசிப்பவர் என்ற குறிப்பும் இருக்கின்றன. இன்னொருவர் சொத்துக் கணக்கில் இருந்தவர், தாம் வசிக்கும் ஊரைக் கட்டையில் குத்திவைக்கிறார். அந்த எழுத்து தேயாமல் இருந்தால் விலை கூடும், தேய்ந்திருந்தால் குறையும். இவ்விடத்தில் அங்கதத்துக்கு வேலை இல்லை, மேலே செல்வோம்.

இதுகாறும் சேகரிப்போரையே குறை கூறியதால் இழைப்போர் குற்றமற்றவர் என்று கொள்ளற்க. அவர்களுடைய நோய் ஜப்பானில் முற்றியிருக்கிறது. அங்கே இழைப்புளியின் பெயர் கன்னா. கட்டைக்குள் பிளேடைச் செருகியிருப்பார்கள். நம்மைப் போல் முன்னே தள்ளாமல் தம் பக்கம் இழுப்பார்கள். 1997 முதல் கெசுரோகாய் என்றொரு சங்கம் நடக்கிறது. 'இழைப்போம் வாருங்கள் சங்கம்' என்று பெயர்க்கலாம். ஊர் ஊராகக் கூடி, நீண்ட மரத்தின்மீது கன்னாவை ஒரே இழுப்பாக இழுத்து, யாருடைய சுருள் மெல்லியது என்று மைக்ரோமீட்டரால் அளக்கிறார்கள். பத்து மைக்ரானுக்கும் கீழே இறங்குகிறார்கள். தலைமயிர் ஒன்றின் தடிமனே சுமார் எழுபது மைக்ரான். சுருளைத் தூக்கிப் பிடித்தால் அப்பால் இருப்பவர் முகம் தெரிகிறது.

இதில் மரம் என்னாயிற்று என்று கேட்பது மாணாக்கர் இயல்பு. மரம் ஒன்றும் ஆவதில்லை, தேய்கிறது. அதில் பெட்டியோ பலகையோ செய்யும் எண்ணம் யாருக்கும் இல்லை. தச்சன் ஆயிரம் ஆண்டாகக் கூட்டிப் பெருக்கி அடுப்பில் போட்ட குப்பையை இவர்கள் பொருளாகக் கொண்டு, பொருளைக் குப்பையாக்கிவிட்டார்கள். நல்ல சுருளை மடித்துப் பத்திரப்படுத்துவோரும் உளர். ஆகவே இழைப்பு முற்றினால் அதுவும் சேகரிப்பாகும் என்க. தோக்கியோவில் வாழ்ந்த சியோசுரு கொரேஹிதே (1874–1957) என்ற கொல்லர் அடித்த கன்னா பிளேடுகளுக்கு இன்று கொடுக்கிற விலையைப் பார்த்தால், அவற்றை மரத்தின்மீது வைக்க யாருக்கும் மனம் வராது. அவரோ அவற்றை மரத்தின்மீது வைப்பதற்காகவே அடித்தார்.

நம் நாட்டில் இச்சிக்கலை முன்னோர் ஒரு நாளில் அடக்கிவிட்டார்கள். ஆயுத பூஜையன்று கருவிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, தொடாமல் விட்டுவிட வேண்டும். மறுநாள் விஜயதசமி, பொட்டோடு வேலைக்குப் போய்விடும். சேகரிப்போர்க்கு ஆண்டில் 365 நாளும் ஆயுத பூஜை. விஜயதசமி மட்டும் வருவதில்லை.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் மாடிக் கதவு ஊதிக்கொண்டது. வீட்டில் இழைப்புளிகள் பன்னிரண்டு. ஆனால் 11-ம் வகையின் பிளேடில் பழைய முத்திரை அப்படியே இருக்கிறது. தீட்டத் தொடங்கினால் என்றாவது ஒருநாள் தேய்ந்து முத்திரைவரை வந்துவிடும் அல்லவா. ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினேன். முப்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளில், பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே 4-ம் எண்ணை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு கண்ணை மூடி அடியை நோட்டம் விட்டார். கட்டைவிரலைப் பிளேடின் குறுக்கே ஒருமுறை தேய்த்தார்.

"மொட்டையா இருக்கே சார்."

5-ம் எண் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து மின்சார மெஷினை எடுத்தார். காபி ஆறுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. சுருள் வரவில்லை, தூசும் சிம்புமாகப் பறந்து மாடிப்படிவரை போயிற்று.

"கையால இழைக்கறது ஏதும் வெச்சிருக்கீங்களா தம்பி?"

"அப்பாவோடது ஒண்ணு பரண்ல கிடக்கு சார். வேணுமா?"

மறுநாள் தினசரித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். கறுத்த மரக்கட்டை. எண் இல்லை, தேதி இல்லை, எந்த வகையிலும் அடங்கவில்லை. வாய் தேய்ந்து அகன்றதை ஒரு துண்டு மரம் பதித்து அடைத்திருந்தது. பின்புறம் சுத்தியடி பட்டுப் பட்டுப் பூப்போல விரிந்திருந்தது. இடப்பக்கத்தில் கட்டைவிரல் ஒன்று நாற்பது ஆண்டு அழுத்தியதுபோல் ஒரு பள்ளம்; என் விரல் அதில் சரியாகப் பொருந்தவில்லை. விலை கேட்டேன். "அடுப்புக்குப் போற கட்டைதானே சார், குடுக்கறதக் குடுங்க" என்றார். மேலே சொன்ன விதி இம்மியும் பிசகவில்லை.

துருவைத் துடைத்து, எண்ணெய் பூசி, 13 என்று சீட்டு ஒட்டினேன். அலமாரியில் வைக்கச் சாய்த்தபோது, பிளேடுக்கும் ஆப்புக்கும் நடுவிலிருந்து ஒரு சுருள் கீழே விழுந்தது. தேக்கு போலிருக்கிறது. அதை ஒரு உறையில் போட்டு 13-அ என்று எழுதியிருக்கிறேன். தடிமன் குறிக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் வாங்க வேண்டும். பழையது கிடைத்தால் நல்லது.